கம்ப்யூட்டர் படிக்கிறவனுக்குத் தத்துவம் எதற்கு?

11 ஜனவரி 2025, காலை 9.12 | நெய்வேலி வாசகர்

மகன் புதுச்சேரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு. விருப்பப் பாடமாகத் தர்க்கமும் தத்துவமும் எடுத்திருக்கிறான். எதற்குடா என்றால் சிரிக்கிறான். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற வேலையாக இல்லையா இது? புரோகிராம் எழுதப் போகிறவனுக்கு இதனால் காலணா பிரயோஜனம் உண்டா? பிழைப்பில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

11 ஜனவரி 2025, இரவு 10.40 | கெடிலக்கரை

பிழைப்பில் இருப்பவன்தான். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் உட்கார்ந்து மருந்துக்கடை, அரிசி மண்டி, பால் நிலையம் என்று சின்னச் சின்ன இடங்களுக்கு பில் போடும் மென்பொருள் எழுதுகிறேன். இருபத்திரண்டு வருடமாக. தத்துவம் ஒரு பக்கம் படித்ததில்லை. படித்திருந்தால் போன மாதம் ஓர் ஆயாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்க மாட்டேன்.

பெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. அதோடு விட்டதா? சாத்தனூர் அணைத் தண்ணீரைத் திறந்ததில் தென்பெண்ணை பொங்கி ஆற்றோரத்து ஊர்களுக்குள் வந்துவிட்டது. அங்கே ஒரு பால் நிலையத்துக்கு நான் மென்பொருள் போட்டுக் கொடுத்திருக்கிறேன். மூன்று நாள் கரண்ட் இல்லை. கொழுப்பு பார்க்கும் மெஷின் ஓடவில்லை. லிட்டரை மட்டும் அளந்து நோட்டில் எழுதிக்கொண்டு, கரண்ட் வந்த பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். கொழுப்புக் கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டார்கள்.

பத்து நாள் சராசரிக் கொழுப்பை வைத்துத்தான் அங்கே விலை. நாளைக்கு இரண்டு வேளை, ஆக இருபது வேளை. ஆயாவின் மாட்டுப் பால் எப்போது பார்த்தாலும் 4.2 காட்டும். இந்த முறை ஆறு வேளைக்குக் கட்டம் காலி. என் புரோகிராம் காலியை 0 என்று எடுத்துக்கொண்டது. பதினான்கு வேளை 4.2, ஆறு வேளை 0. வகுத்தால் 2.94. பில்லிலும் அதுவே விழுந்தது.

நான் அங்கே பிரிண்டரைச் சரிபார்க்கப் போயிருந்த அன்று, முந்தானையில் முடிந்து வைத்திருந்த பில்லை அவிழ்த்து என் முன்னால் வைத்தார். "ஏன் தம்பி, எம் மாடு பாலக் கறந்துச்சா, பெண்ணையாத்துத் தண்ணியக் கறந்துச்சா?" கொழுப்பு பூச்சியம்னு பதிவாயிருக்கு ஆயா, என்றேன். ஆயா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் கொண்டாராதது வேற. கொண்டாந்து நீங்க அளக்காதது வேற. அளந்து பாத்து ஒண்ணுமில்லன்னு வந்தா அது வேற. மூணையும் ஒரே கட்டத்துல போட்டுட்டுப் பூச்சியம்னா என்னாத்த சொல்றது?"

உங்கள் மகன் அந்த வகுப்பில் படிக்கப்போவது இதைத்தான். படிக்கட்டும்.

12 ஜனவரி 2025, காலை 6.55 | கெடிலக்கரை

ராத்திரியே இரண்டு பேர் வந்து "நல் போட்டிருக்கலாமே, இது பாலபாடம் அல்லவா" என்கிறார்கள். தெரியும் ஐயா. (அதைத் தமிழில் எழுதினால் நல்வரவு, நல்வாழ்வு ஞாபகம் வருகிறது. அதில் நல்லது என்று நான் எதையும் கண்டதில்லை.)

தெரியாதவர்களுக்கு: தரவுத்தளத்தில் ஒரு கட்டம் காலி என்று குறிக்க 'நல்' என்றொரு அடையாளம் உண்டு. அது எண்ணும் இல்லை, எழுத்தும் இல்லை. ஒரு நல்லும் இன்னொரு நல்லும் சமமா என்று கேட்டால் 'ஆம்' என்றும் வராது, 'இல்லை' என்றும் வராது. 'தெரியாது' என்று மூன்றாவதாக ஒன்று வரும். வேலையில் சேர்ந்த புதிதில், கொழுப்புக் கட்டம் நல்லுக்குச் சமமாக உள்ள வரிகளையெல்லாம் கொடு என்று எழுதிவிட்டு, ஒரு வரிகூட வராமல் அரை நாள் திரையை முறைத்துக்கொண்டிருந்தேன். கண்ணெதிரே நாற்பது காலிக் கட்டம். ஆனால் 'சமம்' என்று கேட்டால் ஒன்றும் அகப்படாது. சமமா என்று கேட்கக் கூடாது, 'நல்லாக இருக்கிறதா' என்று கேட்க வேண்டும். இரண்டும் ஒரே கேள்வி இல்லை என்று புரியவே ஒரு வயது போயிற்று.

இன்னொரு விஷயம். 1965இல் ஆல்கால் டபிள்யூ என்ற புரோகிராம் மொழிக்கு நல் சுட்டியைக் கொண்டுவந்தவர் டோனி ஹோர். 2009இல் அதைத் தன்னுடைய பில்லியன் டாலர் தவறு என்று அவரே சொன்னார். ஆள் பிறந்தது கொழும்பில், 1934இல். ஆக்ஸ்போர்டில் படித்தது கிரேக்கம், லத்தீன், தத்துவம். ஆக, தத்துவம் படித்தவரே அந்தத் தவறைச் செய்திருக்கிறார். "படித்திருந்தால் தப்பித்திருப்பேன்" என்று நேற்று எழுதியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன்.

13 ஜனவரி 2025, இரவு 9.20 | கெடிலக்கரை

போகிப் புகை இன்னும் தொண்டையில். நேற்றைய குறிப்பில் இரண்டு தப்பு.

ஒன்று, ஹோரின் நல் வேறு, தரவுத்தள நல் வேறு. முன்னது 'இந்தச் சுட்டி எதையும் சுட்டவில்லை' என்பது. பின்னது எட்கர் காட் 1970இல் தொடங்கிவைத்த அட்டவணைத் தரவுத்தள வழியில் வந்தது, 'இந்த விவரம் இல்லை' என்பது. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டியது என் சோம்பல்.

இரண்டாவதுதான் பெரிய தப்பு. என்னைக் கவிழ்த்தது நல் இல்லை, நல் மேல் இருந்த பயம். கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்த வாத்தியார் 'நல் வந்தால் தலைவலி, எல்லாக் கட்டத்துக்கும் இயல்பாக 0 போட்டுவிடு' என்பார். அதை வேதவாக்காக வைத்திருந்தேன். நல்லாகவே விட்டிருந்தால் சராசரி போடும்போது அதுவே அந்த ஆறு வேளையைத் தள்ளிவிட்டுப் பதினான்கால் வகுத்திருக்கும். 4.2 சரியாக வந்திருக்கும்.

13 ஜனவரி 2025, இரவு 11.50 | கெடிலக்கரை

தூக்கம் வரவில்லை. சரியாக வந்திருக்குமா?

அளக்காததைத் தள்ளிவிட்டுச் சராசரி போட்டால், அளக்காத பாலும் அளந்த பாலைப் போலத்தான் இருந்திருக்கும் என்று சொல்லாமல் சொல்கிறோம். அந்த மூன்று நாளும் மாடு நனைந்த வைக்கோல் தின்று தெருவில் நின்றது. கொழுப்பு குறைந்திருக்கலாம், குறையாமலும் இருந்திருக்கலாம். 0 போட்டால் ஆயாவுக்கு அநியாயம். தள்ளினால் நான் அனுமானம் செய்கிறேன், அதுவும் அனுமானம் என்று யாருக்கும் தெரியாமல். மலையில் புகை தெரிகிறது, ஆகவே நெருப்பு உண்டு என்பார்களே நியாய தத்துவக்காரர்களான நையாயிகர்கள், அவர்களுக்காவது புகை இருந்தது. எனக்கு அதுவும் இல்லை.

கடைசியில் ஆயாவுக்கு 4.2 என்று வைத்துப் பணம் கொடுக்கச் சொன்னேன். முடிவு சரிதான். நான் காட்டிய காரணம்தான் நிற்குமா என்று தெரியவில்லை.

16 ஜனவரி 2025, மாலை 5.30 | கெடிலக்கரை

மாட்டுப் பொங்கலன்று ஆயா வீட்டுக்குப் போய் அந்த மாட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு கொம்புக்குப் பச்சை, ஒரு கொம்புக்குச் சிவப்பு. பெயிண்ட் தீர்ந்துவிட்டதாம்.

கூட வந்தவர் தமிழாசிரியர். வழியில் பில் கதையைச் சொன்னேன். "இல்லாமைக்கு அபாவம்னு பேரு. தண்டியலங்காரத்துல ஏது அணியில அஞ்சு வகை அபாவம் வருது, பார்த்ததில்லையா?" என்றார். அணி இலக்கணத்தில் போய் நான் எதற்குத் தரவுத்தளத்தைத் தேடப்போகிறேன்? எடுத்துப் பார்த்தால் நிஜமாகவே ஐந்து: என்றும் அபாவம், இன்மையது அபாவம், ஒன்றினொன்று அபாவம், உள்ளதன் அபாவம், அழிவுபாட்டு அபாவம். அங்கே கவிஞர்களுக்காகச் சொல்லியிருக்கிறது. இருக்கட்டும். காளை மாட்டுக்குக் கொழுப்புக் கட்டம் காலியாக இருந்தால் அது என்றும் அபாவம், எந்நாளும் நிரம்பாது. அளந்து எழுதிய பக்கத்தை வெள்ளம் கொண்டுபோயிருந்தால் அழிவுபாட்டு அபாவம். பால் வேறு நிலையத்துக்குப் போய்விட்டதால் இங்கே காலி என்றால் உள்ளதன் அபாவம்.

நையாயிகர்கள் நான்கு வைத்திருக்கிறார்கள்: வருவதற்கு முன் இல்லாமை, அழிந்த பின் இல்லாமை, எக்காலமும் இல்லாமை, இது அதுவல்ல என்னும் இல்லாமை. காட் பிற்காலத்தில், 1990இல், ஒரு நல் போதாது, இரண்டு வேண்டும் என்று எழுதினார். இருக்க வேண்டியது ஆனால் தெரியவில்லை என்று ஒன்று, இங்கே பொருந்தவே பொருந்தாது என்று ஒன்று. அவரோடு வேலை செய்த கிறிஸ் டேட், நல்லே வேண்டாம் என்ற கட்சி. உலகம் இரண்டு பேர் சொன்னதையும் கேட்கவில்லை. இன்றுவரை தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் ஒரே ஒரு நல்தான்.

ஆயா மூன்று சொன்னார். காட் சொன்னதை விட ஒன்று அதிகம். (அவருடைய மூன்றாவது இல்லாமையே இல்லை, அது நிஜமான 0 என்று இப்போதுதான் உறைக்கிறது. சரி, சமம் என்று வைத்துக்கொள்வோம்.)

25 ஜனவரி 2025, இரவு 10.05 | கெடிலக்கரை

பூச்சியத்தைத் தேடிப்போய் என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டேன்!

லோகவிபாகம் என்று ஒரு சமண நூல், உலக அமைப்பைப் பற்றியது. சக ஆண்டு 380, அதாவது கி.பி. 458. காஞ்சி சிம்மவர்மனின் இருபத்திரண்டாம் ஆட்சியாண்டு. எழுதிய இடம் பாடலிகை என்று நூலே சொல்கிறது. அந்தப் பாடலிகை எங்கள் திருப்பாதிரிப்புலியூர்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பாடலி என்றால் பாதிரி மரம். இட மதிப்போடு பூச்சியத்தையும் வைத்துப் பெரிய எண்களைச் சொல்லும் மிகப் பழைய நூல் இதுதான் என்று கணித வரலாற்றில் எழுதுகிறார்கள். எண்களைச் சொல்லாகவே சொல்வார்கள், கண் என்றால் 2, ஆகாயம் என்றால் 0.

நான் காபி குடிக்கிற தெருவில் யாரோ ஒரு துறவி ஆகாயம், ஆகாயம் என்று சொல்லிக்கொண்டு பூச்சியம் போட்டிருக்கிறார். நானோ அதே ஊரில் உட்கார்ந்து தப்பான கட்டத்தில் பூச்சியம் போட்டிருக்கிறேன்.

26 ஜனவரி 2025, காலை 11.15 | கெடிலக்கரை

நேற்றைய குறிப்பை வாட்ஸ்அப்பில் 'பூச்சியம் கண்டுபிடித்த கடலூர்' என்று தலைப்புப் போட்டு அனுப்பிவிட்டார்கள். என் அத்தை மகனிடமிருந்து எனக்கே திரும்பி வந்தது. நிறுத்துங்கள்.

முழுதாகப் படித்த பிறகு சொல்கிறேன். 458 என்ற ஆண்டு சர்வநந்தி என்பவர் எழுதிய மூலநூலுக்கு உரியது. அது கிடைக்கவில்லை. கையில் இருப்பது சிம்மசூரி என்பவர் பின்னாளில் செய்த சமஸ்கிருத வடிவம். எண்களைச் சொன்ன அந்த முறை மூலத்திலேயே இருந்ததா, பின்னவர் கைவண்ணமா என்று இந்த நூலை மட்டும் வைத்துக்கொண்டு அடித்துச் சொல்ல முடியாது. அளந்து எழுதியது ஒருவர், கம்ப்யூட்டரில் ஏற்றியது இன்னொருவர். என் பால் நிலையத்துக் கதையேதான். கட்டம் காலி, நான் ஆசைப்பட்டு நிரப்பிவிட்டேன்.

பூச்சியத்தை எண்ணாகவே வைத்துக் கூட்டல் கழித்தலுக்கு விதி எழுதியவர் பிரம்மகுப்தர், 628இல். பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் பூச்சியம் என்றும் சொல்லிவைத்தார். என் புரோகிராமில் அது வந்தால் பில் பாதியில் நின்றுவிடும்.

என் தாத்தா மல்லாட்டை (நிலக்கடலை) மண்டியில் கணக்குப்பிள்ளை. அவர் நோட்டு ஒன்று அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. பழுப்பேறிய பக்கம், ஓரத்தில் எண்ணெய்க் கறை, இடது பக்கம் ஆள் பெயர், வலது பக்கம் மூட்டை. இருநூற்று ஐந்தை ௨௱௫ என்று எழுதியிருக்கிறார். நூறுக்குத் தனிக் குறி இருப்பதால் நடுவில் பூச்சியமே வேண்டாம். பத்து இல்லை என்றால் பத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. 205 என்று எழுதும்போதுதான் 'இங்கே ஒன்றுமில்லை' என்று ஓர் ஆளை நிறுத்தி வைக்கிறோம். அந்த ஆள் என் கட்டத்துக்கு வந்ததும் தானே ஓர் அளவு என்று சொல்லிக்கொண்டுவிட்டது.

சமணர்கள் இங்கே இருந்தது பற்றிச் சந்தேகமில்லை. அப்பர் சமணராகித் தருமசேனர் என்ற பெயரில் இருந்தது இந்தப் பாடலி மடத்தில்தான் என்று பெரியபுராணம் சொல்கிறது. சமணர்களுக்கு ஒரு பொருளைப் பற்றிச் சொல்ல ஏழு வாய்பாடு. உண்டாம், இல்லையாம், உண்டும் இல்லையுமாம், சொல்ல ஒண்ணாததாம், இப்படிப் போகும். நான்காவதைப் படித்ததும் எனக்கு நல் ஞாபகம் வந்தது. எனக்கு வந்தது, அவ்வளவுதான். சமணர்கள் எஸ்க்யூஎல் கண்டுபிடித்தார்கள் என்று எந்த மகராசனும் பார்வர்டு போட வேண்டாம்.

9 பிப்ரவரி 2025, மதியம் 2.10 | கெடிலக்கரை

நெய்வேலிக்காரர் திரும்ப வந்து "மாடு, மண்டி எல்லாம் சரி, கம்ப்யூட்டரே தத்துவத்திலிருந்து வந்ததா, அதைச் சொல்" என்கிறார். சுருக்கமாகச் சொல்கிறேன். ஜார்ஜ் பூல் 1854இல் மனித சிந்தனையின் விதிகளை 1, 0 என்று அல்ஜீப்ராவாக எழுதினார். கிளாட் ஷானன் அதை மிச்சிகனில் ஒரு தத்துவ வகுப்பில் கேட்டார். 1937இல் எம்ஐடி முதுகலை ஆய்வேட்டில், ரிலே சுவிட்சுகளும் அதே அல்ஜீப்ராதான் என்று காட்டினார். உங்கள் மகன் எடுத்திருக்கும் மாதிரி ஒரு வகுப்புதான் அது. கணித அறிஞர் ஆலன் டூரிங் 'இயந்திரம் சிந்திக்குமா' என்று 1950இல் கேட்டதும் 'மைண்ட்' என்ற தத்துவ இதழில்தான்.

டூரிங்கின் அம்மா பிறந்தது நம் போத்தனூரில். அம்மாவின் அப்பா மதராஸ் ரயில்வேயில் தலைமைப் பொறியாளர். 'அப்படியானால் டூரிங் பாதித் தமிழர்' என்று தொடங்குவதற்கு முன்னால் 26ஆம் தேதிக் குறிப்பைப் படிக்கவும்.

2 மார்ச் 2025, இரவு 9.45 | கெடிலக்கரை

பேசுகிற ஏஐ ஒன்றிடம் சும்மா கேட்டேன்: லோகவிபாகத்தில் பாதிரிப்புலியூரைப் பற்றி வரும் தமிழ்ப் பாட்டைச் சொல். நூல் சமஸ்கிருதம், அதில் தமிழ்ப் பாட்டே கிடையாது. அது நான்கு அடி கொடுத்தது. எதுகை மோனையோடு, பாட்டு எண்ணோடு. அப்படி ஒன்று இல்லையே என்றேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறு நான்கு அடி கொடுத்தது. இரண்டாவது பாட்டு முதல் பாட்டை விட நன்றாக இருந்தது என்பதுதான் கொடுமை.

தமிழாசிரியரிடம் காட்டினேன். "மணிமேகலையில அளவைவாதி சொல்ற எட்டு வழு இருக்கு, அதுல இது எதுன்னு பாரு" என்று வேலை கொடுத்துவிட்டார். வஞ்சி நகரத்தில் மணிமேகலை ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய் உன் கொள்கை என்ன என்று கேட்பாள். முதல் ஆள் அளவைவாதி. அறிவதற்குப் பத்து அளவை, அந்த அறிவு கெடுவதற்கு எட்டு வழி என்று பட்டியல் போடுவான். பத்தில் அபாவமும் ஒன்று. (இதைப் பார்த்ததும் ஒரு நிமிடம் எழுந்து நடந்தேன்.)

எட்டில் ஒன்று ஐயம்: தூரத்தில் நிற்பது தறியா (நட்டுவைத்த கட்டையா), ஆளா என்று தடுமாறுவது. இன்னொன்று தேராது தெளிதல்: ஆராயாமலே தறியை ஆள் என்று முடிவுகட்டுவது. நிற்பது அதே தறிதான். முதல் ஆள் தடுமாறுகிறான், அடுத்தவன் தடுமாறவே இல்லை. அந்த ஏஐக்கு ஐயம் என்ற வழு வரவே இல்லை, வந்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். இல்வழக்கு என்று ஒன்று: முயல்கொம்பு என்று சொன்னதும், அது உலகில் இல்லாவிட்டாலும் சொல்லின் பலத்தால் மனதில் தோன்றிவிடும். எனக்குக் கிடைத்த நான்கு அடி அதுதான். நினைப்பு என்று இன்னொன்று: இவர்கள்தான் உன் தாய் தந்தை என்று பிறர் சொல்லக் கேட்டு அப்படியே கொள்வது. ஊர் உலகம் எழுதியதையெல்லாம் தின்று வளர்ந்த இயந்திரத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது.

என்று எழுதிவிட்டு யோசித்தால், எனக்கும் தாய் தந்தை யார் என்று பிறர் சொல்லித்தான் தெரியும். லோகவிபாகமும் அப்படியே. 25ஆம் தேதி நான் செய்தது தேராது தெளிதல், அதுவும் ஆச்சரியக்குறியோடு.

3 மார்ச் 2025, காலை 7.20 | கெடிலக்கரை

"உணர்வு இருப்பதற்குத்தானே உணர்வில் வழு? கால்குலேட்டருக்கு எட்டு வழு உண்டா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல அடி.

எட்டு வயதில் பாடலீசுவரர் கோயிலில், கல்லில் கட்டிக் கடலில் தள்ளியபோது அப்பர் பாடியதாகச் சொல்லும் பதிகத்தை நான் பிசகாமல் ஒப்பித்துக் கற்கண்டு வாங்கியிருக்கிறேன். ஒரு வரிக்குப் பொருள் தெரியாது. கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். பொருள் தெரியாததை எங்கே போய் அளப்பது? தத்துவவாதி ஜான் சேர்ல் 1980இல் சீன மொழி தெரியாத ஆளை ஓர் அறையில் உட்காரவைத்து, விதிப்புத்தகத்தைப் பார்த்துச் சீனத்திலேயே பதில் எழுதவைத்தார், கற்பனையில்தான். நான் கற்கண்டு வாங்கிய மண்டபமும் அந்த அறைதான். ஆனால் எனக்குப் பிற்பாடு பொருள் புரிந்தது. எந்த நாளில் புரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. மெஷின் வைத்துப் பார்த்திருந்தால் எந்த வேளையில் 0 போய் 4.2 வந்திருக்கும்?

இதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. மருந்துக்கடையில் சர்வர் விழுந்துவிட்டதாம், போகிறேன்.

15 மார்ச் 2025, இரவு 8.30 | கெடிலக்கரை

அந்த மணிமேகலைக் காதையின் தலைப்பைப் போன முறை கவனிக்கவில்லை. 'சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதை'. தத்துவவாதிகளுக்கு அங்கே பெயர் கணக்கர். தாத்தாவும் கணக்கர், நானும் ஒரு வகையில் கணக்கர். நெய்வேலிக்காரரே, உங்கள் மொட்டைத் தலையும் முழங்காலும் ஒரே உடம்புதான் போல.

பால் நிலையத்தில் புதுப் பதிப்பைப் போட்டாயிற்று. கொழுப்புக் கட்டத்தைக் காலியாக விட்டால் காரணம் கேட்கும். நான் மூன்று காரணம் வைத்தேன்: பால் வரவில்லை, அளக்கவில்லை, பொருந்தாது. அளக்காத வேளைகள் இருந்தால் 'சராசரி இத்தனை வேளையை வைத்து' என்று பில்லின் அடியில் வரும். பதிவு செய்கிற பெண் கெட்டிக்காரி. காரணம் சேர்க்க வழி விட்டிருந்தேன், பத்தே நாளில் ஆறாக்கிவிட்டாள். கன்று குடித்துவிட்டது, பால் திரிந்துவிட்டது என்றெல்லாம்.

ஆறாவது காரணம், ஆயாவின் பெயருக்கு நேரே, மார்ச் 11, 12, 13 தேதிகளில் வருகிறது: 'கோபம்'.

என்ன என்று போனில் கேட்டேன். "பழைய பில் பாக்கி அறுபது ரூபாய் இன்னும் தரலன்னு வேற எடத்துல ஊத்துறாங்க சார்" என்றாள். அபாவத்தில் எந்த வகை என்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அறுபது ரூபாயை எடுத்துக்கொண்டு நாளைக் காலை பஸ் ஏறுகிறேன்.